குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது?

கேள்வி: வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் பெண்கள் படும் பாடு எல்லா நாடுகளிலும் ஒன்றுதானா? வேறு வேறு பண்பாடுகளில் வாழும் பெண்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? என் குழந்தையை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். உதவி இருந்தும் குற்ற உணர்ச்சி மட்டும் ஏன் போகவே மாட்டேன் என்கிறது?

பதில்:

பாடு எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் வலிக்கிற இடம் வேறு, மருந்து தேடிப் போகிற இடமும் வேறு. இந்த விஷயத்தைப் பல ஆண்டுகளாகப் படித்தும் பாடம் எடுத்தும் வருகிறேன். ஒரு பண்பாட்டில் வேலைக்குப் போகும் அம்மாவின் நிலைமையைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும். காலையில் கிளம்பும் நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிகிறது. அன்றைக்கு யார் வீட்டில் இருப்பார்கள்? அம்மாவா, அப்பாவா, பாட்டியா, சம்பளத்துக்கு வந்த பெண்ணா, பக்கத்து வீட்டுக்காரரா? யாரிடம் கூச்சமில்லாமல் "நீங்கள் இருங்கள்" என்று அவளால் கேட்க முடிகிறதோ, அதுதான் அந்தப் பண்பாட்டின் விடை. சமாளிப்பது என்பது பெண்ணின் சாமர்த்தியம் மட்டும் அல்ல. யாரிடம் கேட்க அவளுக்கு அனுமதி இருக்கிறது என்பதுதான் பெரும்பகுதி.

முதலில் இந்த இழுபறி எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். 1985-இல் ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கோலஸ் பியூட்டெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று நேரம்: மீட்டிங்கில் இருக்கும்போது பள்ளி வாசலில் நிற்க முடியாது. இரண்டாவது அழுத்தம்: உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் மேலதிகாரியின் கோபமும் கூடவே வந்துவிட்டது. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது நடத்தை. அலுவலகத்தில் கறாராகவும் உணர்ச்சியைக் காட்டாமலும் இருந்தால்தான் மதிப்பு. வீட்டுக்குள் நுழைந்த நிமிடமே நெகிழ்வாக, பொறுமையாக மாறிவிட வேண்டும். இந்த மாற்றத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை செய்வதே ஒரு வேலைதான். அதை யாரும் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கில் வராத வேலை எவ்வளவு என்பதற்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் ஓர் அளவு கொடுத்தது. உலகம் முழுவதும் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இந்தியாவில் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம் என்று வந்தது. எந்த நாட்டிலும் ஆண்கள் பெண்களைவிட அதிகமாக வீட்டு வேலை செய்வதில்லை. ஆக, அடித்தளம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வேறுபடுவது அதன் மேல் கட்டிய வீடு.

இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது சீனாவையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு 2000-இல் வெளிவந்த ஆய்வு. அமெரிக்காவில் குடும்பத்தின் தேவைகள் கூடும்போது இழுபறி அதிகமாகக் கூடியது. சீனாவில் வேலையின் தேவைகள் கூடும்போது அதிகமாகக் கூடியது. ஏன்? வேலை என்றால் என்ன என்பதற்கே இரண்டு ஊரிலும் பொருள் வேறு. சீனாவில் வேலைக்கே முதலிடம், அதனால் அழுத்தமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. சீனாவில் ராத்திரி வரை உழைப்பது குடும்பத்துக்காகச் செய்கிற தியாகமாகப் பார்க்கப்படுகிறது. வேலையே குடும்பக் கடமையின் ஒரு பகுதி. அதனால் அம்மா ஓவர்டைம் பார்த்தால் வீட்டில் உள்ளவர்கள் "நமக்காகத்தான் கஷ்டப்படுகிறாள்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அதே ஓவர்டைம் அவளுடைய சொந்த முன்னேற்றத்துக்கான ஆசையாகப் பார்க்கப்படுகிறது. குடும்பத்திடமிருந்து அவள் எடுத்துக்கொண்ட நேரம் அது. உழைப்பு ஒன்று, மணி நேரமும் ஒன்று, ஆனால் ஒருத்திக்கு நன்றி கிடைக்கிறது, இன்னொருத்திக்குக் கேள்வி கிடைக்கிறது. இந்தப் பார்வை வேறுபாட்டை, வேலை நேரத்தை மட்டும் எடுத்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டின் இன்னொரு பெரிய ஒப்பீடும் காட்டியது. ஆங்கிலம் பேசும் மேற்கு நாடுகளில் வேலை நேரம் நீளும்போது குடும்ப நெருக்கடியும் சேர்ந்து கூடுகிறது. சீனாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அந்தத் தொடர்பு பலவீனமாக இருக்கிறது.

இதைக் கேட்டதும் "அப்படியானால் கூட்டுக் குடும்ப மனப்பான்மைதான் நல்லது" என்று சொல்லிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சீனாவில் காய்ச்சல் நாளில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பாட்டி. முன்பு அரசு ஆலைகளும் அலுவலகங்களும் தங்கள் ஊழியர்களுக்காகக் குழந்தைகள் காப்பகம் நடத்தின. 1990-களின் சீர்திருத்தத்தில் அவற்றில் பல மூடப்பட்டன. அந்த இடத்தைத் தாத்தா பாட்டிகள் நிரப்பினார்கள். பெண் தொழிலாளர்களுக்கு ஓய்வு வயது 50, அலுவலகப் பெண்களுக்கு 55 என்று இருந்ததால் அது சாத்தியமானது. பேரன் பேத்திக்காக ஊரை விட்டு, சில சமயம் கணவரையும் விட்டு, தெரியாத நகரத்துக்கு வந்து பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் பேசத் துணையில்லாமல் இருக்கும் பாட்டிகள் அங்கே ஏராளம். 2025 ஜனவரியிலிருந்து அந்த ஓய்வு வயது படிப்படியாக 55, 58 என்று ஏறத் தொடங்கியிருக்கிறது. பாட்டியும் வேலையில் இருந்தால் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி அடுத்த தலைமுறைத் தாய்மார்கள் முன்னால் வந்து நிற்கப் போகிறது. பாட்டியின் கையில் குழந்தை இருப்பது மகளுக்கோ மருமகளுக்கோ பெரிய ஆறுதல்தான். ஆனால் சாப்பாடு, தூக்கம், போன் பார்ப்பது, கண்டிப்பது எல்லாவற்றிலும் கருத்து வேறுபாடு வரும்போது அவளால் வாய் திறக்க முடியாது. இலவசமாகக் கிடைக்கும் உதவியில் குறை சொல்ல யாருக்கும் நா எழாது. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நேர் எதிரான ஊருக்குப் போவோம். ஸ்வீடனில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவோ அப்பாவோ லீவு போட்டுவிட்டு, அரசின் சமூகக் காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கிக்கொள்ளலாம். குழந்தை ஒன்றுக்கு ஆண்டில் 120 நாள் வரை. இதற்கென்றே அங்கே 'வப்' என்று ஒரு சொல் உண்டு. "இன்று நான் வப்" என்று ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு அப்பா வீட்டில் இருந்துவிடுவார். சளியும் காய்ச்சலும் அதிகமான பிப்ரவரி மாதத்தையே 'வப்ருவரி' என்று அங்கே செல்லமாகச் சொல்கிறார்கள். பெற்றோர் லீவு எடுக்க முடியாதபோது அந்த நாளை வேலைக்குப் போகும் உறவினருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

இது அவர்களின் ரத்தத்தில் ஊறிய குணம் என்று நினைத்துவிட வேண்டாம். 1974-இல் மகப்பேறு விடுப்பை நீக்கிவிட்டு, இருவரும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பை உலகிலேயே முதல் நாடாக ஸ்வீடன் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அப்பாக்கள் எடுத்தது மொத்த நாட்களில் அரை சதவீதம் அளவுதான். ஆண்கள் கூச்சப்பட்டார்கள். 1970-களின் பிற்பகுதியில் லென்னார்ட் டால்கிரென் என்ற பளுதூக்கும் வீரர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் படத்தைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டிப் பார்த்தார்கள். அறிவுரையால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1995-இல் ஒரு மாதத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அந்த மாதம் குடும்பத்துக்கே கிடைக்காது என்று சட்டம் செய்தபோதுதான் எண்ணிக்கை ஏறியது. 2002-இல் இரண்டாவது மாதம், 2016-இல் மூன்றாவது. இப்போது 480 நாட்களில் ஒவ்வொரு பெற்றோருக்கும் 90 நாள் மாற்ற முடியாதது. அப்பாக்களின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. பண்பாடு மாறிய பின்பு சட்டம் வந்தது என்று நாம் நினைப்போம். இங்கே சட்டம் முன்னால் போக, பண்பாடு மெல்லப் பின்னால் வந்தது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

ஐஸ்லாந்துப் பெண்கள் இன்னும் நேரடியாகப் போனார்கள். 1975 அக்டோபர் 24 அன்று நாட்டின் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலக வேலையும் செய்யவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை. குழந்தையையும் பார்த்துக்கொள்ளவில்லை. மீன் ஆலைகள் ஓடவில்லை, பள்ளிகள் மூடிக் கிடந்தன, அப்பாக்கள் குழந்தைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுலபமாகச் சமைக்கலாம் என்று அவர்கள் வாங்கியதில் கடைகளில் சாஸேஜ் தீர்ந்துபோனது. அடுத்த ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980-இல் விக்தீஸ் ஃபின்போகாதோத்திர் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார். 2023-இல் மறுபடியும் ஒரு முழுநாள் வேலைநிறுத்தம். அப்போதைய பெண் பிரதமரும் அதில் சேர்ந்துகொண்டார். அரை நூற்றாண்டு கழித்தும் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏனென்றால் அந்த நாடுகளிலும் கதை முடிந்துவிடவில்லை. டென்மார்க்கில் முதல் குழந்தை பிறந்த பிறகு பெண்ணின் வருமானம் நீண்ட காலத்தில் ஆணைவிட 20 சதவீதம் அளவு பின்தங்கிவிடுகிறது என்று விரிவான ஆய்வு ஒன்று காட்டியது. குழந்தை பிறக்கும் வரை இருவரின் கோடும் ஒன்றாகப் போகிறது, அப்புறம் பெண்ணின் கோடு கீழே இறங்கித் திரும்ப ஏறுவதே இல்லை. 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். சில வேலைகள் பேராசை பிடித்தவை. எந்நேரமும் கூப்பிட்டால் வருகிறவருக்கு அந்த வேலைகள் மற்றவர்களைவிட மிக அதிகமாகக் கொடுக்கின்றன. குழந்தை உள்ள வீட்டில் இருவரும் அப்படி இருக்க முடியாது. ஒருவர் வீட்டின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை வீட்டில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, தானாகவே அது பெண்ணாகிவிடுகிறது.

ஜப்பானில் அது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே காப்பகத்தில் குழந்தையின் உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டுக்குப் போன் போய்விடும். போன் போவது பெரும்பாலும் அம்மாவுக்கு. 37.5 டிகிரிச் சுவர் என்றே அங்கே இதற்குப் பெயர். வீட்டில் எல்லாவற்றையும் தனியாளாகச் செய்யும் அம்மாவைக் குறிக்க, கடையை ஒரே ஊழியர் தனியாக நடத்துவதற்குச் சொல்லும் 'வன்-ஓப்பே' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கர்ப்பமானதற்காக வேலையிடத்தில் படுத்தும் தொல்லைக்கு 'மதஹரா' என்று தனிச்சொல் பிறந்தது. கர்ப்ப காலத்தில் வேலையை எளிதாக்கச் சொன்ன பெண்ணைப் பதவி இறக்கிய வழக்கில் 2014-இல் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் பெண்ணின் பக்கம் நின்றது. 2016-இல் தன் குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்காத ஒரு தாய், பெயர் சொல்லாமல் இணையத்தில் நாட்டையே சபித்து எழுதினார். அந்தக் கோபம் நாடாளுமன்றம் வரை போனது. சமாளிப்பது என்று நாம் பேசும்போது பொறுத்துப் போவதையே நினைக்கிறோம். ஒரு துயரத்துக்குப் பெயர் வைப்பதும் சமாளிப்பதுதான். பெயர் இல்லாதவரை அது அவளுடைய சொந்தக் குறை. பெயர் வந்துவிட்டால் அது எல்லோருடைய பிரச்சினை.

சொல்லுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஜெர்மன் மொழியில் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளைக் 'காக்கைத் தாய்' என்ற பொருளில் ஒரு சொல்லால் பழிப்பார்கள். அண்டங்காக்கை குஞ்சைக் கவனிக்காது என்ற பழைய நம்பிக்கை அது. அதே மொழி பேசிய கிழக்கு ஜெர்மனியில் 1980-களின் இறுதியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் பேருக்குக் காப்பகத்தில் இடம் இருந்தது. மேற்கில் மிகச் சொற்பம். கிழக்கில் வளர்ந்த பெண்ணுக்கு வேலைக்குப் போவது சாதாரணம், மேற்கில் வளர்ந்தவளுக்கு அது விளக்கம் சொல்ல வேண்டிய விஷயம். ஒரே மொழி, ஒரே வேர், நாற்பது ஆண்டு வேறு வேறு ஏற்பாடு. குற்ற உணர்ச்சியே மாறிவிட்டது. 2013 ஆகஸ்ட் முதல் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் கேட்பது ஜெர்மனி முழுவதும் சட்ட உரிமை.

அரசும் கொடுக்காமல், பாட்டியும் பக்கத்தில் இல்லாமல் போனால் என்ன செய்வது? காசு கொடுத்து ஆள் வைப்பது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுப்புத் தருகிறது, அதுவும் சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில். மீதியைச் சந்தையில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நடுத்தரக் குடும்பங்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வரும் பெண்களை வீட்டோடு வைத்துக்கொள்கின்றன. ஹாங்காங்கில் மட்டும் இப்படி 3 லட்சத்துக்கு மேற்பட்டோர். அங்கே படித்த பெண்கள் வேலையில் நிலைத்து நிற்க முடிவதற்கு இது பெரிய காரணம். காய்ச்சல் நாளில் அந்த வீட்டு அம்மா அலுவலகம் போய்விடுகிறார்.

ஆனால் அன்று அந்தக் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போடுகிற பெண்ணுக்கும் ஊரில் குழந்தை இருக்கிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் இதைப் பராமரிப்புச் சங்கிலி என்றார். ரேசல் பரேன்யாஸ் என்ற ஆய்வாளர் ரோமிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்களையும், ஊரில் விட்டுவந்த அவர்களின் குழந்தைகளையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அம்மா வெளிநாடு போனதும் அப்பா வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்வது குறைவு. சித்தி, பாட்டி, மூத்த மகள் எடுத்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதே 2013-இல்தான் சட்டமானது. சங்கிலியின் ஒரு முனையில் இருப்பவள் சமாளித்துவிட்டாள் என்றால், மறுமுனையில் யார் எதை இழந்தார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கடைசியில் நிற்பது சில சமயம் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட ஒரு பெண்பிள்ளை.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தால் கேள்வியே மாறுகிறது. கானாவின் தெற்கிலும் நைஜீரியாவின் யொருபா மக்களிடமும் சந்தை வியாபாரம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கையில். கணவன் மனைவி பணம் தனித்தனிப் பையில் இருப்பது அங்கே வழக்கம். பிள்ளைக்குச் சம்பாதித்துப் போடுவது அம்மா என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதனால் "வேலைக்குப் போகிறேனே, நான் நல்ல அம்மாவா?" என்ற குற்ற உணர்ச்சி அங்கே வேர் பிடிக்க இடமில்லை. சம்பாதிக்காமல் இருந்தால்தான் கேள்வி வரும். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வியாபாரம் நடக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் உறவினர் வீட்டில் வளர்வதும் இயல்பு. இழுபறி இல்லை என்று சொல்லவில்லை. காய்ச்சல் நாளில் கடை திறக்காவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. அவளை அறுப்பது மனசாட்சி அல்ல, பணமும் உடம்பும்.

மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் அகா மக்களைப் பற்றியும் சொல்ல ஆசை. அங்கே பெண்களும் வலை வேட்டைக்குப் போகிறார்கள். மானிடவியலாளர் பாரி ஹியூலெட் அவர்களோடு இருந்து நேரம் குறித்துப் பார்த்தபோது, அப்பா ஒரு நாளில் 47 சதவீத நேரம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டோ கை எட்டும் தூரத்திலோ இருந்தார். குழந்தை வளர்ப்பு இயற்கையாகவே பெண்ணுக்கு மட்டும் உரியது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் இவர்கள்தான்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா 2020-இல் தொடங்கிய ஏற்பாடும் எனக்குப் பிடித்தது. பராமரிப்பு வட்டாரம் என்று நகரின் சில பகுதிகளில் எல்லாச் சேவைகளையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். குழந்தையையும் முதியவரையும் அங்கே ஒப்படைத்துவிட்டு, துணியை அங்குள்ள இயந்திரத்தில் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் பெண்கள் படிக்கலாம், சட்ட ஆலோசனை பெறலாம், சும்மா ஓய்வெடுக்கவும் செய்யலாம். இந்தியாவிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1969-இல் டெல்லியில் கட்டடத் தொழிலாளர் குழந்தைகளுக்காக மொபைல் கிரஷ் என்ற காப்பக அமைப்பு தொடங்கியது. முறைசாரா வேலை செய்யும் பெண்களுக்காக 1972-இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு, உறுப்பினர்களே நடத்தும் காப்பகக் கூட்டுறவை வளர்த்தது. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தை முதலாளியே கொடுக்க வேண்டியிருப்பதால் இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்கும் இடங்கள் உண்டு. ஸ்வீடனில் அந்தப் பணம் சமூகக் காப்பீட்டிலிருந்து வருகிறது. லீவு எத்தனை நாள் என்பதைப் போலவே அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

சரி, தனிப்பட்ட ஒரு பெண் தன் அளவில் என்ன செய்கிறாள்? 1972-இல் டக்ளஸ் ஹால் என்பவர் படித்த பெண்களிடம் ஆய்வு செய்து மூன்று வழிகளைக் கண்டார். முதல் வழி, தன்னிடம் எதிர்பார்ப்பவர்களோடு பேசி அந்த எதிர்பார்ப்பையே மாற்றுவது: "இனிமேல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மீட்டிங் வைக்காதீர்கள்", "ஞாயிற்றுக்கிழமை சமையல் உங்களுடையது." இரண்டாவது, தனக்குள் அளவுகோலை மாற்றிக்கொள்வது: வீடு பளபளவென்று இருக்க வேண்டியதில்லை, இந்த இரண்டு வருடம் பதவி உயர்வு வேண்டாம். மூன்றாவது, எதையும் மாற்றாமல், எல்லோருடைய எதிர்பார்ப்பையும் இன்னும் வேகமாக, இன்னும் குறைவாகத் தூங்கி நிறைவேற்றுவது. மூன்றாவது வழியில் போனவர்கள்தான் குறைந்த திருப்தியோடு இருந்தார்கள்.

பெரியவர்களிடம் பேரம் பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதும் பண்பாடுகளில் பெண்கள் மூன்றாவது வழிக்குத் தள்ளப்படுகிறார்கள், அதைத் திறமை என்று பாராட்டவும் செய்கிறோம். "அவள் எல்லாவற்றையும் சமாளித்துவிடுவாள்" என்ற பாராட்டு எனக்கு எப்போதும் கவலை தருகிறது. ஆனால் அங்கேயும் முதல் வழி அடைபட்டுவிடவில்லை. நேராகக் கேட்காமல் கணவர் மூலமாக, நாத்தனார் மூலமாக, குழந்தையின் தேவையாக முன்வைத்துக் கேட்கும் சாதுரியம் உலகமெங்கும் உண்டு. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. காரியம் நடந்தால் சரி.

இப்போது உங்கள் விஷயம். உதவி இருந்தும் குற்ற உணர்ச்சி போகாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மாமியார் உங்கள் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்டிருக்கிறார், ஆனால் பட்டியல் இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. தடுப்பூசித் தேதி, சின்னதாகிப்போன சட்டை, தீரப்போகும் மருந்து எல்லாம் அதில் உண்டு. பிரெஞ்சு சமூகவியலாளர் மோனிக் ஐகோ 1984-இலேயே இதை மனச்சுமை என்று எழுதினார். 2017-இல் எம்மா என்ற ஓவியர் வரைந்த படக்கதை அதை உலகமெங்கும் கொண்டுபோனது. செய்வதைப் பகிர்ந்துகொண்டால் போதாது, நினைவில் வைப்பதையும் பகிர வேண்டும் என்பதுதான் சாரம்.

இரண்டாவது, நீங்கள் வாங்கும் உதவிக்குப் பணம் கொடுக்கவில்லை, அதனால் குற்ற உணர்ச்சியைக் கொடுக்கிறீர்கள். அது நன்றியின் இன்னொரு முகம், தப்பில்லை. ஆனால் அது மாமியாருக்கு எந்த விதத்திலும் பயன்படாது. அவருக்குப் பயன்படுவது வேறு: வாரத்தில் எந்த நாள், எந்த மணி நேரம் அவருக்கென்று வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அதை லீவு நாளாகவே வைத்து, அந்த நேரத்தை உங்கள் கணவரும் நீங்களும் மாறி மாறி எடுத்துக்கொள்வது. இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியவர் நீங்கள் அல்ல, அவருடைய மகன். மருமகள் கேட்டால் அது குறையாகக் கேட்கும். மகன் கேட்டால் அக்கறையாகக் கேட்கும். இது நியாயமில்லைதான், ஆனால் இப்போதைக்கு நிஜம் அதுதான்.

கடைசியாக ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். பகலில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் உங்கள் மாமியார் முதலில் யாருக்குப் போன் செய்கிறார்? மகனுக்கா, உங்களுக்கா? உங்களுக்கு என்றால், இனிமேல் மகனைக் கூப்பிடச் சொல்லி, கணவரையே அவரிடம் பேசச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று முறை உங்கள் கணவர் உங்களை அழைத்து மருந்து எங்கே, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்பார். பொறுமையாகச் சொல்லுங்கள். லீவை அவர் போடட்டும்.